எட்டாம் பக்கம்

சட்டம் இரண்டுதான்.
நாவலின் முதல் வரியை மட்டும் சொல்ல வேண்டும்.
தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே ஒத்துக்கொள்ள வேண்டும்,
நாக்கு நுனியில நிக்குது, பொறு, பொறு
என்று பொழுதை இழுக்கக் கூடாது.
தோற்றவர் கச்சான் வாங்குவார்.

சனிக்கிழமை, டச்சுக் குடா.
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் இறங்கி
மணலில் கிடக்கும் கடதாசியை மேய்கிற நேரம்.
தயாபரன் மின்சார சபைச் சட்டையோடேயே வந்திருந்தான்.
காற்று எங்கள் சொற்களில் பாதியைத்
துறைமுகத்துக்குக் கொண்டுபோனது.

"தபால்காரன் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் கூரையில் இருந்தோம்."
யூஜின் முடிக்கவில்லை, குகமலர் பிடித்துவிட்டாள்.
கலியாணத்துக்கு முந்தின மாதம்
அதை மூன்று தரம் வாசித்தவள்.
ஏனென்று நாங்கள் கேட்டதில்லை.

"எனக்குப் பெயர் வைத்தவருக்கு நான் நூற்றைம்பது ரூபா கடன்."
இது தயாபரன், எனக்கு.
சிரித்தேன். யோசித்தேன். ஒரு மானைப் பார்த்தேன்.
பிறகு எழும்பிப் போய்
ஐந்து சுருள் கச்சான் வாங்கிவந்தேன்.

ஜெஸீமா தோற்றதில்லை.
கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் வருபவள்,
காணிக் கந்தோரில் வேலை,
யாருடைய உறுதிக்கும் நாலு எல்லையையும்
பார்க்காமலே சொல்வாள்.
அவளுக்குப் பிடித்த நாவல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
ஒரு பெண் குடையை மறந்துபோகிற அந்த நாவல்,
வாசிக்காத தயாபரனே அதன் முடிவைச் சொல்வான்,
அவ்வளவுக்கு எங்களை அறுத்திருக்கிறாள்.

யூஜின் கண்ணைச் சிமிட்டினான்.
லேசான ஒன்று கொடுக்கிறானாம்.
"கப்பல் வருகிற திகதியை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை."

"தெரியா," என்றாள் ஜெஸீமா.

நாங்கள் சிரித்தோம்.

"மெய்யாத்தான். தெரியா."

"அது உன்ர குடை நாவல்."

அவள் கச்சான் கோதை மடியிலிருந்து தட்டினாள்.
நிறைய நேரம் தட்டினாள்.
பதினைந்து வருடத்துக்கு முன்
பழைய பேப்பர் கடையில்
தராசிலிருந்து எடுத்ததாம் அந்தப் புத்தகத்தை.
அதற்குள் முதல் எட்டுப் பக்கமும்
கச்சான் சுற்றப் போய்விட்டிருந்தது.
அவளுடைய நாவல் ஒன்பதாம் பக்கத்தில் இப்படித் தொடங்குகிறது:

"என்று சொல்லிவிட்டு அவள் குடையை மறந்து போனாள்."

என்ன சொல்லிவிட்டு?

எல்லோரும் யூஜினைப் பார்த்தோம்.
பௌதிக வாத்தியார், முழுப் புத்தகம் வாசித்தவன்,
நெற்றியைத் தேய்த்தான், கடலைப் பார்த்தான்,
நாக்கு நுனியில என்று தொடங்கி
சட்டம் ஞாபகம் வந்து நிறுத்தினான்.
அவனுக்கு மறந்துபோயிருந்தது.
வாசித்தவனுக்கு அது ஒரு வரி,
தாண்டிப் போய்விட்டான்.
வாசிக்காதவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.

அதன் பிறகு வேறு விளையாட்டு.
"இனி மழை வராது," என்றான் தயாபரன்,
"அதுதான் குடையை விட்டிட்டுப் போனவள்."
"கறிக்கு உப்புப் போட்டாச்சு," என்றது நான்.
குகமலர் கனநேரம் பேசாமலிருந்து
"உங்கட அம்மாவோட நான் கதைக்கிறன்," என்றாள்.
அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டில் புத்தகம் இருக்கிறது,
ராவைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றான் யூஜின்.
ஜெஸீமா வெறும் சுருளைப் பிரித்துப் பார்த்தாள்:
யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாள்,
மூன்றாம் கேள்வி பிழை.
பக்கத்தில் வந்த மானுக்கு நீட்டினாள்.
அது கேள்வியோடு சேர்த்து மென்றது.

"சொல்லாதீங்க," என்றாள் யூஜினிடம்.
பிறகு, "கப்பலா? அதுல கப்பலும் வருதா?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது,
வாற சனிக்கிழமை பார்ப்போம்
என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.
இருந்த இடத்தை நான் போய்ப் பார்த்தேன்.
கோது மட்டும்தான் கிடந்தது.