எட்டு எழுத்து

பெட்டியின் மேல் என் பெயரை அடிக்கச் சொன்னார்
சூப்பர்வைசர் தனசேகரன்.
"உன் பேரு இல்லய்யா, ஊரு பேரு" என்று
சீட்டைக் காட்டினார்.
தகரத்தில் வெட்டிய இங்கிலீஷ் எழுத்துகள்,
கறுப்பு மை, முடி கொட்டிய ஷேவிங் பிரஷ்.
உள்ளே வைக்கோல் வாசனையோடு
எவர்சில்வர் தட்டு, டஜன் டஜனாக.

சாண்டியாகோ.
ரேஷன் கார்டில் எனக்குப் பத்து எழுத்து,
பெட்டியில் எட்டுதான்.
இரண்டெழுத்தை எந்தக் கடலில் விட்டார்கள்
என்று கேட்க ஆளில்லை.

ஜூலை இருபத்தைந்தில் பிறந்தேன்.
செம்மடுவுக் கோயிலில் அன்று
சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் ஊர்வலம் போனார்.
எஸ்டேட்டில் காபி பறித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு
வேறு பெயர் யோசிக்கும் சிரமம் இல்லை.
அந்தச் சிரமம் இல்லாதவர்கள்
உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள்;
கப்பலில் போய் இறங்கிய இடமெல்லாம்
அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

"இது எந்த சாண்டியாகோ?"
"சிலி."
மிளகாயா என்றேன்.
தனசேகரன் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.
ஸ்பெயினில் ஒன்று, கியூபாவில் ஒன்று,
இன்னும் எத்தனையோ; எல்லாவற்றுக்கும் பின்னால்
ஒரு வால் ஒட்டியிருக்குமாம், குழம்பாமல் இருக்க.

அது எங்களுக்குத் தெரியாததா?
மலையில் நாங்கள் மூன்று பேர்.
கட்டை சந்தியாகு, லாரி சந்தியாகு,
பெட்டிக்கு மை அடிப்பதால் நான் மைக்கார சந்தியாகு.
அம்மாப்பேட்டை என்றால்
எந்த அம்மாப்பேட்டை என்று கண்டக்டர் கேட்பதில்லையா?
அனுப்புமிடம் என்ற கட்டத்தில் சேலம் என்று அடிக்கிறேன்,
அதுவும் கடலுக்கு அப்பால்
நாலைந்து இருக்கிறதாம்.
எங்கிருந்து எங்கே போகிறது இந்தப் பெட்டி?
பெயரைக் கேட்டால் ஒன்றும் தெரியாது.

ஒருமுறை டிவியில் சொன்னார்கள்:
சாண்டியாகோவில் நிலநடுக்கம்.
டீக்கடையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
"உள்ள எப்படிங்க இருக்கு, ஆடுதா?"
டம்ளரை வேண்டுமென்றே ஆட்டிக் காட்டினேன்.
கை சுட்டது.
நான் பேக் செய்த தட்டு ஏதாவது
அலமாரியிலிருந்து விழுந்திருக்குமா
என்று அப்புறம்தான் தோன்றியது.
எவர்சில்வர் உடையாது. நெளியும்.

பதினோராவது கொண்டை ஊசியில்
மழை விடாத ஒரு சாயங்காலம்
மிளகு மூட்டையோடு ஒரு லாரி இறங்கவில்லை, விழுந்தது.
"சந்தியாகு போயிட்டான்" என்று
யாரோ யாருக்கோ போன் அடிக்க
வால் இல்லாமல் அந்தப் பெயர்
என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் போய் இறங்கினேன்.
வாசலில் செருப்புகள்.
கொளகூரிலிருந்து மச்சான் வந்துவிட்டிருந்தான்,
பிளாஸ்டிக் நாற்காலிகள்கூட வந்துவிட்டிருந்தன.
பிலோமினா என்னைப் பார்த்தாள்.
அழுதது அப்படியே முகத்தில் நிற்க
கையிலிருந்த கரண்டியால்
தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.
பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரம்
அழுகை இன்னும் போய்ச் சேராத ஒரு வீட்டில்
ஆரோக்கியசெல்வி என்பவள்
புருஷனுக்குச் சுடுதண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்.
நாற்காலிகளை நாங்களே தூக்கிப்போனோம்.
நான் இரண்டு தூக்கினேன்.
அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்,
"என்ன சந்தியாகண்ணே, இந்நேரத்துல?"

மறுநாள் லீவு சொல்லவில்லை.
நாற்பது பெட்டி, நாற்பது தடவை அந்தப் பெயர்.
கடைசி வட்ட எழுத்தில் மட்டும் மை வழிந்தது;
துடைத்தால் இன்னும் பரவும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் பூசையில் சாமியார் வாசித்தார்,
மரித்த சந்தியாகுவின் ஆன்மாவுக்காக.
பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் பழக்கம்,
பாதி எழுந்துவிட்டேன்.
பிலோமினா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
திரும்பிப் பார்த்தால்
கடைசி பெஞ்சில் கட்டை சந்தியாகு,
அவனும் எழுந்து நின்றுகொண்டிருந்தான்,
எப்படி உட்காருவது என்று தெரியாமல்.