ஐம்பதில் ஒன்று

ஞாயிறு இரவு. சவுனா முடிந்து
தலை ஈரம் காயாமல் கீழறை மேசையில் உட்கார்ந்தேன்.
பலகைக் குழிகளில் ஐம்பது பித்தளைக் கூடுகள்,
வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நோயாளிகள்.
மருந்து என்றுதானே இதற்கும் பெயர்.

முப்பதோ முப்பத்தொன்றோ,
அதன் மேல் புனல் இருந்தபோது
தொலைபேசி அடித்தது.
"குளிர்கால டயர் மாட்ட நாளைக்கு இடம் இருக்குமா?"
தவறான எண். வயதான குரல்.
காயானியில் உள்ள கடைக்கு வழி சொன்னேன்,
பாலம் தாண்டி இடப்பக்கம் என்று இரண்டு தடவை.
திரும்பி வந்தேன். புனலை எடுத்தேன்.
ஈயம் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தி மூடினேன்.
செவ்வாய்க்கிழமை பத்தை எண்ணி
ரௌஹாவிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை வாசலில்
என் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது சக்கரத்தின் கடைசி நட்டு.
முறுக்கினேனா, இல்லையா?
கை சாவியோடு நின்றது.
அப்போதுதான் அந்தக் கிழவரின் குரல் கேட்டது.

மருந்தில்லாத தோட்டா பெரிதாகச் சத்தம் போடாது.
கொட்டாவி அளவுக்கு ஒரு டப்.
பிரைமரின் பொறி மட்டும் ஈயத்தை நெட்டித்தள்ளும்.
அது குழலுக்குள் பாதி வழியில் நின்றுகொள்ளும்.
சுட்டவர் சலித்துக்கொண்டு அடுத்ததைத் தள்ளுவார்.
அடுத்தது நல்ல தோட்டா,
நான் குறையில்லாமல் செய்த தோட்டா.
அதுதான் கொல்லும்.

என்னிடம் இருந்த நாற்பதையும் நிறுத்தேன்.
கூட்டுக்குக் கூடு ஓரிரு குன்றிமணி முன்னே பின்னே.
வெறுங்கூடு என்றால் இருபதுக்கு மேல் குறையவேண்டும்.
பதினைந்து சரி. இருபத்தெட்டு சரி.
ஒவ்வொரு சரியும்
அந்தப் பத்தின் மேல் போய் உட்கார்ந்தது.
நாற்பதாவதும் சரியாக இருந்தபோது
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ரௌஹாவின் போன் அணைந்திருந்தது.
வேட்டைத் தலைவர் தென்ஹோவுக்கு
அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.
மூன்று குளிர்கால டயர், ஒரு கோடை டயர்.
உறைந்த காட்டுப்பாதையில்
கார் நொண்டிக்கொண்டே போனது.
பக்கத்து இருக்கையில் தராசு,
குழந்தையைப் போல பெல்ட் போட்டுக்கொண்டு.

ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு
கோபுரத்துக்குப் பின்பக்கமாக நடந்தேன்.
சதுப்பின் விளிம்பில் ஒரு ஆண் மூஸ்,
கொம்பில் பாசி தொங்க, பக்கவாட்டில் நின்றது.
யாருக்கும் எளிதில் வாய்க்காத நிற்பு.
ரௌஹாவின் கன்னம் ரைஃபிள் கட்டையில் பதிந்திருந்தது.

"ரௌஹா!"

காடு முழுக்க என் குரல்.
மூஸ் திரும்பிப் பார்த்தது என்னை, அவளையல்ல.
பிறகு அவசரமே இல்லாமல்
குட்டைப் பைன்களுக்குள் போய்விட்டது.

அவள் இறங்கி வந்தாள். கேட்கவில்லை.
நான்தான் உளறிக்கொட்டினேன்.
போல்ட்டை இழுத்தாள், சட்டைப்பையைத் துழாவினாள்.
பத்தும் என் உள்ளங்கையில்,
ஒன்பது சில்லிட்டு, ஒன்று அவள் சூட்டோடு.

வெளியே காற்றில் எண்கள் நிலைகொள்ளவில்லை.
காருக்குள் கதவைச் சாத்தி,
மூச்சை அடக்கி, ஒன்று. இரண்டு.
கண்ணாடி பனித்துப்போனது.
பத்து.

"இருக்கு" என்றேன். "எல்லாத்திலயும் இருக்கு."

அந்த இரவு என் நினைப்பு பாலத்தருகே நிற்க,
கை தன் பாட்டுக்குத்
தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது.
அதற்கு நன்றி சொல்வதா, அறைவதா?

ரௌஹா தெர்மாஸைத் திறந்து
மூடியில் எனக்கும் ஊற்றினாள்.
சதுப்பைப் பார்த்தபடி,
"நூற்றைம்பது கிலோ இறைச்சி" என்றாள்.
காப்பி தீர்ந்தது.
"அந்தக் கிழவருக்கு டயர் கிடைச்சுதா?"

தெரியாது என்றேன்.

தோட்டாக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
ஏணியில் கால் வைக்குமுன் நின்று,
ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து
ஆட்டிப் பார்த்தாள்.