தராசில் சாய்ந்த திரை

வல்திவியாவில் ஜூன் மாதம் என்றால் மழைதான்.
சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே என் அறை.
மேசை ஒன்று, நாற்காலி ஐந்து,
ஆறாவது ஆளுக்குக் கவிழ்த்த பெயிண்ட் டப்பா.

போன வருஷம் வரை ஆறாவது ஆளே கிடையாது.
இப்போது மாதம் இருவராவது படியேறி வருகிறார்கள்.
எல்லோரும் அந்த ஐவரைப் பார்த்தவர்கள்.
சந்தியாகோவில் ஏதோ ஒரு மாடியில்
மஞ்சள் விளக்கின் கீழ் உட்கார்ந்து
வாரம் நான்கு மணி நேரம்
பூதங்களோடு பேரம் பேசுகிற ஐவர்.

நான் பதினோரு வருஷமாக ஆட்டம் நடத்துகிறேன்.
என் விதிப்புத்தகம் நகல் எடுத்தது,
நாற்பதாம் பக்கம் காணோம்.
"உங்க பூதத்துக்கு ஏன் குரலே மாறல?"
என்று கேட்டான் புதிதாய் வந்த ஒரு பையன்.
பூதத்துக்குச் சளி என்றேன்.
மறுவாரம் அவன் வரவில்லை.

பிறகு வந்தாள் நொல்ஃபா வென்சுமான்.
ஐம்பத்து மூன்று வயது, ஆற்றோரச் சந்தையில் மீன்கடை.
ரொட்டிப் பையில் சுற்றிய தொலைபேசியைத்
தராசில் சாய்த்து வைத்துக்கொண்டு
மெர்லூசாவின் நடுமுள்ளை உருவியபடியே
மூன்று வருஷம் பார்த்திருக்கிறாள்.
முதுகுக்குப் பின்னால்
மீன்தலை கேட்டுக் கத்தும் கடற்சிங்கங்கள்.

அந்த ஐவரில் ஒருத்தியின் குருட்டு வில்லாளி செத்த அன்று
எவருக்கோ அரைக் கிலோ கூடப் போட்டுவிட்டாளாம்.
"வாங்கினவர் திருப்பித் தரவே இல்ல" என்றாள்,
இரண்டு இழப்பையும் ஒன்றாகச் சேர்த்து.

இருபது முகப் பகடையை உள்ளங்கையில் வைத்தேன்.
"இவ்வளவு இலேசா?"
திரையில் அது விழும்போது
கல் விழுகிற சத்தம் கேட்குமாம்.
என் மேசையில் பிளாஸ்டிக் சத்தம்தான்.

ஆட்டம் தொடங்கியது.
பிராவுலியோ கயிறு கட்டினான். யனீரா சுவரில் காது வைத்தாள்.
விதி ஒன்றைத் தேடி நான் பக்கம் புரட்டிய நேரத்தில்
தேநீர் ஆறிப்போனது.
அதன் பிறகுதான் நொல்ஃபாவின் பக்கம் திரும்பினேன்:

கதவு பாதி திறந்திருக்கிறது.
உள்ளே எதுவோ மூச்சு விடுகிறது.
நீ என்ன செய்கிறாய்?

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்,
நான் வேறு யாரையோ கேட்பதுபோல.

மூன்று வருஷமாக இதே கேள்விக்குத்
தராசைப் பார்த்துக் கத்தியவள்:
போகாதே, கதவுக்குப் பின்னாலதான் நிக்குது!
கேட்டதெல்லாம் கடற்சிங்கங்கள்.
இன்று கேள்வி அவளைத் தேடி வந்திருக்கிறது,
அவளுக்கு வாய் எழவில்லை.
தகரத்தில் மழை.
யனீரா உதவப் போனாள், நான் கையமர்த்தினேன்.
ஏன் அமர்த்தினேன் என்று தெரியாது.
வழக்கமாக முதலில் பொறுமை இழப்பவன் நான்தான்.

"ஒரு மீன்தலையைத் தூக்கிப் போடுவேன்."

குரலை மாற்றவில்லை. விலை சொல்லும் அதே குரல்.

"உன் பையில் மீன்தலை இருக்கிறதா?"
"எப்பவும் இருக்கும்."

அவள் காகிதத்தில் அப்படி ஒரு பொருள் இல்லை.
கயிற்றுக்கும் தீப்பந்தத்துக்கும் கீழே
நானே எழுதினேன்: மீன்தலை, ஒன்று.

உருட்டினாள். நான்கு.
எந்தக் கணக்கிலும் தோல்வி.
ஆக, உள்ளே இருந்தது வெளியே வந்தாக வேண்டும்.
வந்தது,
நான் எழுதி வைத்திருந்ததைவிடப் பெரிதாக, ஈரமாக, பசியோடு.
அப்போது என் தொண்டையிலிருந்து
ஒரு கடற்சிங்கம் கத்தியது.
பதினோரு வருஷத்தில் நான் செய்த முதல் குரல்.

கீழே இருந்து கூரையை
ஸ்பேனரால் மூன்று முறை தட்டினார் கடைக்காரர்.
நொல்ஃபா சிரிக்கவில்லை.
கத்தியைப் பிடிக்கிற மாதிரி பென்சிலைப் பிடித்திருந்தாள்.
"இன்னொரு தலை போடுறேன்" என்றாள்.

எல்லோரும் போன பிறகு
அந்த ஐவரின் முதல் பகுதியைத் தேடிப் பார்த்தேன்,
சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு,
பிராவுலியோவுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று.

நன்றாகத்தான் ஆடுகிறார்கள், பாவிகள்.
விடியும் நேரத்தில் ஓரிடத்தில்
அந்தக் குருட்டு வில்லாளி கதவைத் தொட்டாள்.
பின்னால பாரு, என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே.