அடிமட்டம்

பொரளையில், மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
செய்தியை அளப்பது எங்கள் தொழில்.
யாருக்கு எத்தனை சென்ரிமீற்றர்,
தலைப்பு எவ்வளவு தடிப்பு,
படத்தில் முகமா முதுகா:
எழுதிக் கொடுத்தால் சம்பளம்.

செவ்வாய்க் காலை மேசையில் மூன்று பேப்பர்.
கோட்டை ரயில் நிலையத்து வாசலில் நடந்தது
சிங்களத்தில் குழப்பக்காரரின் ஓட்டம்.
ஆங்கிலத்தில் வாகன நெரிசல்.
தமிழில் "அராஜகம்!"
அந்த ஆச்சரியக்குறி என் சுண்டுவிரல் உயரம்.

"எல்லாம் சாய்ஞ்சுதான் கிடக்கு" என்றான் றிஸ்மி.
"நீ வாசிக்கிறதும்" என்றாள் துலானி.
"நான் எல்லாத்தையும் வாசிக்கிறன்."
"நம்புறது எதை?"
அவன் அடிமட்டத்தால் முதுகு சொறிந்தான்.

படமெடுத்தவன் பொலிசுக்குப் பின்னால் நின்றால்
கல் பறந்து வரும்.
கூட்டத்துக்குப் பின்னால் நின்றால்
தடி ஓங்கி வரும்.
"நடுவில நிண்டா?" என்று கேட்டேன்.
"நடுவில நிண்டவன்ர கமரா
இப்ப பொலிசில."

நான் சொல்லவில்லை,
அன்று நானும் அங்கே நின்றேன், வெள்ளவத்தை ரயிலுக்கு.
கண்ணீர்ப்புகை என்னிடம் கட்சி கேட்கவில்லை.
யாரோ ஒருத்தி தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்,
எந்த மொழியில் "கழுவுங்கோ" என்றாள்
என்பதுகூட ஞாபகமில்லை.
நான் கண்டது அவ்வளவுதான்,
கால் சென்ரிமீற்றர் தேறாது.

பின்னேரம், பிளேன்டீ ஆறிப்போன பிறகு,
றிஸ்மி குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"சனிக்கிழமை கொம்பனித்தெருவில
எங்கட லேனை உடைச்சவங்கள்.
எவனாவது எழுதினானா?"

ஞாயிறு தேடினோம். திங்கள் தேடினோம்.
துலானி மரண அறிவித்தல்களுக்குள்ளும் பார்த்தாள்.
மூன்று பேப்பரிலும் ஐந்தாம் பக்கம் முழுக்க
ஒரு கோபுரம், நாற்பத்திரண்டு மாடி,
உச்சியில் நீல நீச்சல் தடாகம்,
ஈரத் தலையோடு ஒரு பெண்.
அந்தச் சிரிப்பை மட்டும்
ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.
"இதுதான் அந்த இடம்" என்றான்,
தடாகத்தில் விரலை வைத்து.
"இதில எங்கட குழாயடி."

படிவத்தில் சாய்வுக்கு மூன்று கட்டம்:
அரசு, எதிர்க்கட்சி, நடுநிலை.
விளம்பரத்தை அளக்க வேண்டாம் என்று
கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

துலானி புதிதாக ஒரு வரி சேர்த்தாள்:
பதினேழு வீடு.
இடம்: பூச்சியம் சென்ரிமீற்றர்.
கணினி அதை ஏற்கவில்லை,
சரியான எண்ணை இடுக என்றது.
மறுபடி பூச்சியம் அடித்தாள்.
மறுபடி கேட்டது.

றிஸ்மி எழுந்து பையை எடுத்தான்.
இப்போது தெமட்டகொடையில், மச்சான் வீட்டில்.
எந்த பஸ் என்று
இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை.