கோப்பை ஓரம்

மழை விட்டபாடில்லை.
தாண்டவன்வெளி மண்டபத்தில்
அறுபது கதிரை போட்டோம்,
வந்தது இருபத்தெட்டுப் பேர்.

மஞ்சள் சோற்றிலிருந்து
பிளம்ஸை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
கோப்பை ஓரம் ஒதுக்குகிறார் செலர் ஐயா.

"பிடிக்காதா?"
கரண்டியோடு நின்றேன்.

"அது மேர்லினுக்கு.
நாப்பது வருசம்…
கை மறக்குதில்ல மகள்."

எனக்கு வார்த்தை வரவில்லை.
அடுத்த மேசையில் இறைச்சி கேட்டார்கள், போய்விட்டேன்.

திரும்பி வந்தால்
வெறுங்கதிரையில் பவளம் அக்கா,
நாவற்குடாவில்
தைப்பொங்கலுக்கும் தனியே பொங்குகிறவ.
நெற்றியில் நனைந்த திருநீறு.
யாரையும் கேட்கவில்லை,
அந்தப் பிளம்ஸை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டிருந்தா.

"வீணாக்கப்படாது" என்றா.

ஐயா அவவைப் பார்த்தார்.
கோப்பையைப் பார்த்தார்.
பிறகு சோற்றைக் கிளறி
இன்னொன்று தேடினார்.