கை நீளமும் நாலு விரலும்

முதலாவது ஜெர்மன்காரி.
வால்நட் கைப்பிடி, ரேகை வரைக்கும் பார்த்துச் செதுக்கியது,
ஆனால் வேறு யாருடைய உள்ளங்கையையோ பார்த்து.
அதுவும் வலது.
நான் இடக்கை.
அடுத்தவர் செருப்புக்குள் கால் விட்டதுபோல
பத்து குண்டும் கூச்சத்தோடு போயின.

இரண்டாவதற்குக் கனமெல்லாம் மூக்கில்.
ஐந்தாவது குண்டுக்குள்
பால் முற்றிய சம்பாக் கதிர்போலத் தலை தொங்கிவிட்டது.

மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை.
இரும்பு அலமாரி, கீழ்த்தட்டு.
இருபுறமும் ஒரே மாதிரி தட்டைப் பிடி,
ஒரு திருகு மட்டும் புதுசு.
"அதுவா அக்கா?" என்றாள் பெனாசிர்.
வல்லம் சாலைச் சுடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பு அவளுக்கு,
என்னில் பாதி வயசு.
"அது புதுசா வர்றவங்களுக்கு."

நாலு ஞாயிறு மாற்றி மாற்றிச் சுட்டேன்.
ஐந்தாவது ஞாயிறு
கை கேட்காமலே குனிந்தது.

அதேபோல் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று
உரிமத்துக்கு எழுதிப் போட்டேன்.
விசாரிக்க வந்த ஏட்டு மோரைக் குடித்துவிட்டுக் கேட்டார்:
"யார் மேலயாவது பகையாம்மா?"
"காகிதம் மேல சார்."
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.
"வரப்புத் தகராறு ஏதும்?"
"வரப்பே இல்லை. மாடியில் வாடகை."

வாரத்தில் ஆறு நாள்
மன்னார்குடி ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
வெறும் வயிற்றோடு வந்தவர்களிடம் நரம்பு தேடுகிறேன்.
நடவு முடித்து வந்த கைகளில்
கண்ணுக்கு ஒன்றும் தெரியாது,
விரலுக்குத்தான் தெரியும்.
தப்பினால் ஒருவர் பல்லைக் கடிப்பார்.
இங்கே தப்பினால்
தாளில் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான்.
இந்த அவ்வளவுதானுக்காகத்தான்
இரண்டு பேருந்து மாறி வருகிறேன்.

நாற்பத்தேழு வயசுக் கண்.
முன்குறி கூர்மையாக, வட்டம் மங்கலாக இருக்க வேண்டும்;
எனக்கோ இரண்டும் மங்கல்.
கீழவாசல் கண்ணாடிக் கடையில் கேட்டார்கள்:
"எவ்வளவு தூரத்துல படிக்கணும்?"
கையை நீட்டிக் காட்டினேன்.
"இதுக்கு மேல நாலு விரல்."
"பேப்பரா, பைபிளா?" என்றார் கடைக்காரர் இம்மானுவேல்.
"ஒரு கறுப்புக் குச்சி."
சிரிக்காமல் அளவெடுத்தார். நல்ல மனிதர்.

இந்தச் சின்னத் தோட்டாவுக்கு
நடு முதுகில் அடி விழ வேண்டியதில்லை.
விளிம்பில் ஒரு தட்டு,
உள்ளே மருந்து விழித்துக்கொள்ளும்.
நான் தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரி.
விளிம்பில் நடப்பது நடுவுக்குத் தெரிய
எத்தனை நாளாகும் என்று பார்த்து வளர்ந்தவள்.
இங்கே கண் இமைக்கவில்லை.

சத்தம்கூடப் பெரிதில்லை.
காதடைப்பு போட்டபின்
பங்குனி வெயிலில் உளுந்து நெற்று வெடிக்கும் அளவுதான்.
காலித் தோட்டா வலப்பக்கம் தெறிக்கும்.
ஒருமுறை சுவரில் மோதித் திரும்பி
என் சட்டைக் காலருக்குள் விழுந்தது.
வாயை நெற்றுக்குழாய்ப் பக்கம் பிடித்தபடியே,
விரலை விசையிலிருந்து எடுத்தபடியே,
ஒழுங்கு தவறாமல் துள்ளினேன்.
பெனாசிர் உட்கார்ந்துவிட்டாள் சிரித்து.

போன வாரம்
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.
விசையை இழுக்கவில்லை,
சிரிஞ்சில் ரத்தம் ஏறுவதைப் பார்ப்பதுபோல
அது வரும்வரை இருந்தேன்.
ஐந்து ஓட்டை.
ஒரு டீ கிளாஸின் வாய்க்குள் ஐந்தும் அடங்கும்.
ஆனால் நடுவில் இல்லை;
எட்டாம் வட்டத்தில், இடது கீழே,
பந்தியில் இடம் கிடைக்காத ஒரே குடும்பம்போல
நெருங்கி நின்றன.

"பின்குறியை ஆறு கிளிக் திருப்பினா
எல்லாம் பத்துக்குப் போயிடும்கா," என்றாள்
திருப்புளியை நீட்டி.

வாங்கிப் பையில் போட்டேன்.
அடுத்த வாரம் திருப்பலாம்.
இன்றைக்கு அவை
சேர்ந்து நிற்கட்டும், நிற்கிற இடத்தில்.