யாருடைய இடது

இந்த வருஷம் ஐப்பசி ஏமாற்றவில்லை.
கலுங்கு வழிந்து மூன்று நாள் ரோட்டை மறித்த
செங்கழனிக் கண்மாயில்
இப்போது இரண்டு படகு கிடக்கிறது.
பச்சையாய் அகலமாய் இருப்பது கேனோவாம்.
ஆரஞ்சில் ஒல்லியாய், கயாக்.
பெரியவர்களுக்கு இருநூற்றைம்பது, பிள்ளைகளுக்குப் பாதி.
எங்கள் அழகு பாதியா முழுசா என்பதிலேயே
கால் மணி நேரம் கரையில் போனது.

மீன் குத்தகை எடுத்த வயிரவன்
வலை கிடக்கும் பக்கத்தைக் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்.
"சேவுகண்ணே, மடைத்தூணுக்கு அங்கிட்டுப் போகாதீக.
கெண்டை கலைஞ்சா நான் யார்ட்டப் போயிக் கேக்க?"

தேனம்மை யாரையும் கேட்காமல்
ஆரஞ்சில் ஏறிப் போய்விட்டாள்.
அளவெடுத்துத் தைத்த சட்டை போல
அது அவளுக்குப் பொருந்தியிருந்தது.

எங்களுக்குப் பச்சை.
அந்த முனையில் அவர், இந்த முனையில் நான்,
நடுவில் அழகு, தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம்.
ரயிலில் எதிரெதிர் சீட்டு கிடைத்தவர்களைப் போல
முகம் பார்த்து உட்கார்ந்தோம்.
வேறு எப்படி உட்காருவதாம்?
சொல்லித்தர வேண்டிய பையன் போனில் இருந்தான்.

"முன்னால போ" என்றார்.
போனேன், என் முன்னால்.
அவரும் போனார், அவர் முன்னால்.
படகு கொஞ்சம் யோசித்தது.
"இடது போடு!"
"இடதுதான் போடுறேன்."
"அது வலது!"
"எனக்கு இடது."
பிறகு அது சுற்ற ஆரம்பித்தது.
கரை, புளியமரம், எங்கள் கார், கலுங்கு,
மறுபடி கரை, மறுபடி எங்கள் கார்.
நாலாவது சுற்றில் அழகு சொன்னான்:
"அப்பச்சி, நீங்க ரெண்டு பேரும் எதிரெதிரா ஓட்டுறீக.
யாராச்சும் திரும்புங்க."

யாராச்சும்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பாட்டிலைப் பார்த்தேன்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததுதான்
அன்றைக்கு நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம்.

தண்ணீர் நெஞ்சளவுதான்.
விரலிடுக்கில் களிமண் ஏறியது,
மூழ்கிய சீமைக்கருவேல் ஒன்று துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது,
லைஃப் ஜாக்கெட் காதுவரை வந்து நின்றது.
அவர் கண்ணாடியைக் காலால் துழாவி எடுத்தார்.
அழகு சிரித்த சிரிப்பில் கொக்குகள் கிளம்பின.
பொட்டலம் பிரிந்து முறுக்கெல்லாம் மிதக்க,
அடியிலிருந்து வட்டம் வட்டமாய் வாய்கள் வந்தன.
"போடுங்க, போடுங்க" என்றார் வயிரவன் கரையிலிருந்து,
"குத்தகைப் பணத்துல கழிச்சுக்கிறேன்."

ஊசித்தட்டான் மாதிரி வந்து நின்ற தேனம்மை
எங்களை ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் கொஞ்சம் வலித்தது.

அடுத்த தடவை நான் முன்னால்.
எதிரே முகம் இல்லை. தண்ணீர் மட்டும்.
பின்னால் அவர் துடுப்பை எப்படிப் பிடித்திருக்கிறார்,
எந்தப் பக்கம் போடுகிறார், தெரியவில்லை.
தெரியாததால் திருத்தவும் வழியில்லை.
ஒரு சளப், அதன் பிறகு என்னுடையது,
பிறகு ஒரு சளப்.
"இடது" என்று ஒரு குரல் கேட்டது.
அவருடையதா, என்னுடையதா என்று தெரிவதற்குள்
படகு திரும்பியிருந்தது.

மடைத்தூண் உச்சியில் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது.
பக்கத்தில் போயும் பறக்கவில்லை.
அதற்குள் பையன் விசில் அடித்துவிட்டான்.
மணி முடிந்ததாம். கவிழ்ந்த நேரமும் கணக்காம்.
அதற்கு அவர் சண்டைக்குப் போனார்.
நான் துப்பட்டாவில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, வங்கியில், கேஷ் கவுண்டரில்
ஐந்நூறு ரூபாய்க் கட்டை எண்ணும்போது
கட்டைவிரல் அடியில் கொப்புளம் உரசியது.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
முதுகுக்குப் பின்னால் ஒரு சளப்.
எண்ணிக்கை தப்பிவிட்டது.
முதலிலிருந்து எண்ணினேன்.